வருணனுக்குப் பட்ட கடன்

ஒரு ராஜ்யம் கடன்பட்டால் அதைத் தீர்க்க வேண்டியவர் யார், யாரைக் கொடுத்துத் தீர்க்கலாம் என்ற கேள்வியை நம் முன்னோர் பொக்கிஷ அதிகாரிகளின் பொறுப்பில் விட்டுவிடவில்லை. ராஜசூய யாகத்தில் அபிஷேகம் செய்துகொள்ளும் அரசனின் காதில் விழும்படி அதை ஒரு கதையாக ஓதவேண்டும் என்று விதித்திருந்தார்கள். ஐதரேய பிராமணத்தில் வரும் சுனச்சேபன் கதை அது. பிள்ளைப்பேறு இல்லாத அரிச்சந்திரன் வருணனை வேண்டி, பிறக்கும் புதல்வனையே அவனுக்குப் பலியிடுவதாக வாக்களித்துவிட்டு, மகன் ரோகிதன் பிறந்த பின் பல் முளைக்கட்டும், விழட்டும், மீண்டும் முளைக்கட்டும், ஆயுதம் தரிக்கும் வயது வரட்டும் என்று தவணை மேல் தவணை வாங்கிக்கொண்டே போனான். வயது வந்த ரோகிதனோ வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான்; வருணனின் கோபத்தால் அரசனுக்கு மகோதரம் கண்டது. காட்டில் ஆண்டுக்கணக்கில் திரிந்த ரோகிதன், பசியால் வாடிக்கிடந்த அஜீகர்த்தன் என்ற அந்தணனைக் கண்டு, அவனுடைய மூன்று பிள்ளைகளில் ஒருவனுக்கு நூறு பசு தருவதாகச் சொன்னபோது, மூத்தவனைத் தகப்பன் அணைத்துக்கொண்டான், கடைசிப் பிள்ளையைத் தாய் இழுத்துக்கொண்டாள். நடுப்பிள்ளையான சுனச்சேபன் விலைக்குப் போனான்.

இந்தக் கதையில் சம்மதம் கேட்கப்படாதவர் அநேகமாக ஒருவருமில்லை. அரசன் சம்மதித்தான், தகப்பனும் தாயும் ஒப்பினார்கள். க்ஷத்திரியப் பிள்ளைக்குப் பதிலாக அந்தணப் பிள்ளை வருவதில் வருணனுக்கும் ஆட்சேபமில்லை. யூபம் என்ற பலிக்கம்பத்தில் கட்ட ஆள் கிடைக்காதபோது மேலும் நூறு பசுவுக்குத் தகப்பனே கட்டினான்; வெட்ட ஆள் கிடைக்காதபோது இன்னும் நூறு பசுவுக்கு அவனே கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தான். கேட்கப்படாதவன் சுனச்சேபன் ஒருவன்தான். ராஜ்யத்தின் கடன், அரசனின் நோய், குடும்பத்தின் பசி ஆகிய மூன்று பெரிய நியாயங்களும் ஒன்று சேர்ந்து அந்தச் சிறுவனின் மேல் இறங்கின.

வருணனை நெய்தல் நிலத்துக்குத் தெய்வமாக வைத்தது தொல்காப்பியம். அந்த நெய்தல் நிலத்தின் ஒரு மூலையிலிருந்து இந்தக் கதையைப் பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆந்திர தேசத்திலிருந்து நீண்டு தமிழ்நாட்டின் பொன்னேரி வட்டத்தில் வந்து முடிகிறது. அதன் தென்பாகத்தில் மீனவக் குப்பங்களும், ஆரணியாறு கலக்கும் கழிமுகமும், அவற்றை ஒட்டி உள்ளே தள்ளி காட்டூர், தத்தைமஞ்சி முதலிய ஏரிப்பாசன ஊர்களும் இருக்கின்றன. கடலை நம்பியவர்களும் கலப்பையை நம்பியவர்களும் சில மைல் தூரத்துக்குள் வாழும் சீமை இது. இரு சாராருக்கும் தண்ணீரே ஜீவாதாரம். இரு சாராரின் தண்ணீரும் பிறர் பொருட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சென்னை நகரத்தின் தாகம் தீர்க்க மீஞ்சூர்ப் பகுதியின் கிணறுகளில் 1960-களிலிருந்து இறைத்த நீருக்கு ஈடாகக் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் தூரம் ஏறிவந்து, இனித்த கிணறுகளை உப்பாக்கிற்று. அப்போது இந்த ஊர்களை யாரேனும் அழைத்து, உங்கள் ஊற்றைத் தருவீர்களா என்று கேட்டிருந்தால், தாகத்துக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்லும் வழக்கம் தமிழ்க் குடியானவனுக்கு இல்லையாதலால் அவர்கள் தந்திருக்கக்கூடும். அது தானமாக இருந்திருக்கும்.

பழவேற்காட்டின் சரித்திரத்தில் அஜீகர்த்தனின் காடு வெறும் உபமானமன்று. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தங்கள் வியாபாரத்தின் தலைமையிடமாக்கினார்கள். அங்கிருந்து போன கப்பல்களில் துணி மாத்திரம் ஏற்றப்படவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையில் பஞ்சமும் யுத்தமும் வந்த காலங்களிலெல்லாம், பசித்த குடும்பங்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றன. விற்கப்பட்டவர்கள் பழவேற்காட்டிலிருந்து பத்தேவியாவுக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். விற்ற தகப்பன் கையெழுத்திட்டான் என்றோ, கைநாட்டு வைத்தான் என்றோ, ஆகவே பேரம் முறையானதென்றோ அந்நாளைய வியாபாரிகள் சொல்லியிருப்பார்கள். பசி வந்து நிற்கும் வேளையில் பெறப்படும் சம்மதத்தைச் சம்மதம் என்று கொள்ளலாமா என்ற வினா அந்தக் கடற்கரையில் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக விடையின்றிக் கிடக்கிறது.

இனி நம் காலத்துக் கடனுக்கு வருவோம். 1991-ஆம் ஆண்டின் நடுவில் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு இறங்கியது. ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பி ஈடு வைத்தது. ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. தங்கம் போனதைத் தேசம் அறிந்தது, வருந்தியது. ஆனால் அதே ஆண்டுகளில் கடலும் கடற்கரையும் கிட்டத்தட்ட ஈடு வைக்கப்பட்டதைக் கரையில் இருந்தவர்களே முதலில் அறிந்தார்கள். ஆழ்கடல் மீன்பிடிப்பில் அந்நியக் கூட்டு நிறுவனங்களின் கப்பல்களுக்கு அனுமதி வழங்கும் கொள்கை 1991-இல் வந்தது. டாலர் தரும் இறால் பண்ணைகள் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் வயலையும் கழியையும் விழுங்கிப் பெருகின. நாட்டின் நெருக்கடியைச் சொல்லி இவை நியாயப்படுத்தப்பட்டன. நெருக்கடி பொய்யன்று, அதை நான் மறுக்கவில்லை. அரிச்சந்திரனின் மகோதரமும் பொய்யன்று.

அப்போது நடந்ததை நம் மக்கள் போதிய அளவு நினைவில் வைத்திருக்கவில்லை. கட்சித் தலைவர்கள் அழைக்காமலே, எழுத்தறிவு குறைந்த குப்பங்களிலிருந்து கட்டுமரக்காரர்களும் மீன்கூடை சுமக்கும் பெண்களும் எழுந்து, தேசத்தின் பொருளாதாரக் கொள்கையில் தங்களுக்கும் ஒரு வார்த்தை உண்டென்றார்கள். 1994 நவம்பர் 23, 24 தேதிகளில் நாடு முழுவதும் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; தேசிய மீனவர் பேரவையின் தாமஸ் கோச்சேரி என்ற பாதிரியார் பின்னர் உண்ணாவிரதம் இருந்தார். அரசாங்கம் முராரி என்பவரின் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1996 பிப்ரவரியில் அந்தக் குழு, கூட்டு நிறுவனக் கப்பல்களின் அனுமதிகளை ரத்துச் செய்யவேண்டும் என்றே பரிந்துரைத்தது.

இறால் பண்ணைகளின் வழக்கோ, சர்வோதயத் தொண்டரான எஸ். ஜெகந்நாதன் பெயரால் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. வினோபாவின் பூதான யாத்திரையில் நடந்து பழகிய அவரும், அவர் மனைவி கிருஷ்ணம்மாளும், கீழத்தஞ்சைக் கடற்கரையில் சத்தியாக்கிரகம் செய்துகொண்டே அவ்வழக்கை நடத்தினார்கள். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் அளித்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் தொழிற்பண்ணைகளைத் தடுத்ததோடு, சில்கா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளையும் பெயர் சொல்லி, அவற்றிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் அப்பண்ணைகள் கூடாதென்றது. இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 13 அன்று, அதே நீதிபதிகள் வேறொரு வழக்கில், ஆறு, கடற்கரை, காற்று, காடு ஆகியவை அரசின் சொந்தச் சொத்தல்ல, மக்களுக்காக அரசு காத்துவைத்திருக்கும் பொது நம்பிக்கைப் பொருள்கள் என்ற தத்துவத்தை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டினார்கள்.

இந்தத் தத்துவத்துக்கு மூலம் ரோமானியச் சட்டத்தில் இருப்பதாக அத்தீர்ப்பு சொல்கிறது, அது மெய். ஆயினும் நமது வீட்டிலேயே இதற்கு ஒரு ஆதாரம் உண்டென்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜைமினியின் பூர்வ மீமாம்சையில் ஆறாம் அத்தியாயத்தில் விசுவஜித் என்ற யாகத்தைப் பற்றிய விசாரம் ஒன்று வருகிறது. அந்த யாகத்தைச் செய்பவன் தனக்குரிய அனைத்தையும் தக்ஷிணையாகக் கொடுத்துவிட வேண்டும். அப்படியானால் தாய் தந்தையரைக் கொடுக்கலாமா? கூடாது, அவர்கள் இவனுக்கு உறவே தவிர உடைமை அல்லர். தர்மத்தை முன்னிட்டு ஊழியம் செய்ய வந்தவனைக் கொடுக்கலாமா? அதுவும் கூடாது. சக்கரவர்த்தி ஒருவன் இந்த யாகத்தைச் செய்தால் பூமியைக் கொடுத்துவிடலாமா? அதுவும் இயலாது என்று முடிவு கட்டுகிறார்கள் மீமாம்சகர்கள்: பூமி அங்கு வாழும் எல்லோருக்கும் பொதுவானது, அரசனுக்கு அதில் உள்ளது காக்கும் கடமையும் அதற்காகப் பெறும் பங்குமே. சடங்கின் நுணுக்கங்களைத் தவிர வேறெதையும் பேசாதவர்கள் என்று நாம் கருதும் அந்தச் சாஸ்திரக்காரர்கள், தெய்வத்துக்குச் செய்யும் யாகத்திலும்கூடப் பிறருடையதை எடுத்துக் கொடுத்தால் அது தானமாகாது என்று கண்டிருந்தார்கள். தேசத்துக்குச் செய்யும் தியாகத்தில் அது எப்படித் தானமாகும்?

இதற்கு எதிராக எடுத்துக் காட்டப்படும் ஒரு நீதியும் உண்டு. குலத்துக்காக ஒருவனையும், கிராமத்துக்காகக் குலத்தையும், நாட்டுக்காகக் கிராமத்தையும் கைவிடலாம் என்று மகாபாரதத்தில் விதுரர் சொல்லுவது பெரியவர்களின் வாயில் பலகாலமாக வழங்கிவருவது. அணை கட்டும்போதும் துறைமுகம் தோண்டும்போதும் மேடைகளில் இந்த நீதியே, விதுரர் பெயரோடோ பெயரின்றியோ, ஒலிக்கிறது. ஆனால் விதுரர் இதை எவரிடம், எவரைக் குறித்துச் சொன்னார் என்று பார்க்கவேண்டும். சிம்மாசனத்தில் இருக்கும் திருதராஷ்டிரனிடம், அவனுடைய சொந்த மகனும் ராஜ்யத்தில் அனைவரிலும் வலியவனுமான துரியோதனனைக் குறித்துச் சொன்னார். கைவிடப்பட வேண்டியவன் பொக்கிஷமும் சேனையும் கையில் வைத்திருந்தவன். அந்த நீதியைத் தலைகீழாகப் பிடித்து, ஒன்றுமற்றவனைக் கைவிடுவதற்கு அத்தாட்சியாக்கியவர்கள் பிற்காலத்தவர்கள். மேலும் விதுரர் மூன்று படியோடு நிற்கவில்லை. நான்காவதாக, ஆத்மாவின் பொருட்டுப் பூமியையே துறக்கலாம் என்றார். நாட்டைவிடப் பெரிதாக ஒன்றை வைத்து, அது ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருப்பதாகச் சொன்னவருடைய வாக்கை, நாட்டின் பெயரால் ஒரு மனிதனை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவதற்குப் பயன்படுத்துவது எந்த நியாயத்தில் சேரும்?

அப்படியானால் ஒவ்வொரு கிராமமும் தன் எல்லையில் நின்றுகொண்டு மறுத்தால் தேசம் எப்படி நிற்கும் என்பார்கள். கேட்கப்பட வேண்டிய கேள்விதான். கேட்டபோது கடற்கரை கொடுத்ததுண்டு என்பதே அதற்கு என் முதல் பதில். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் ஏவுதளத்துக்கு இடம் தேடிய விக்ரம் சாராபாய், அங்கிருந்த மகதலேனா மரியாள் ஆலயத்தின் ஆயரிடம் சென்றதையும், ஆயர் ஞாயிறு ஆராதனையில் மீனவ ஜனங்களிடம் அதை எடுத்துரைத்துக் கேட்டதையும், அவர்கள் ஆமென் என்றதையும் அப்துல் கலாம் பலமுறை சொல்லியிருக்கிறார். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. ஆயர் கேட்டபோது மறுக்கும் சுதந்திரம் அந்த ஜனங்களுக்கு எவ்வளவு இருந்தது என்று ஒருவர் வினவலாம், நானும் வினவுவேன். ஆயினும் அவர்கள் கேட்கப்பட்டார்கள், தங்கள் கோயிலைத் தாங்களே கொடுத்தார்கள். மறுக்கவும் கூடியவன் கொடுப்பதற்கே தியாகம் என்று பெயர். மறுக்க வழியற்றவனிடமிருந்து எடுப்பது, எத்தனை மந்திரம் சொன்னாலும், சுனச்சேபனைக் கட்டியதுதான்.

ஆகவே அடித்தள மக்களின் அரசியல் பங்கேற்பை உரிமை என்ற ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பேசுவது போதாது என்று கருதுகிறேன். நெருக்கடிக் காலத்தில் தேசம் தன் மக்களிடம் தியாகத்தைக் கேட்கிறது. அந்தத் தியாகம் தியாகமாவதற்கே, அவர்களைக் கூட்டிக் கேட்கும் சபை வேண்டியிருக்கிறது. சபை கூடவில்லையென்றால் நஷ்டம் மட்டும் நிற்கும், தர்மம் நிற்காது. இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அறிவித்தபோது, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்களே காலிமுகத்திடலில் கூடினார்கள். தங்களைக் கேளாமல் பட்ட கடனைத் தங்கள் வயிற்றால் அடைக்கச் சொல்வது எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அந்தப் பொருளாதாரச் சரிவில் முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்ட ஆட்சியாளர்கள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. பூமியை யாகத்தில் கொடுக்க முடியாத மீமாம்சகர்களின் சக்கரவர்த்தி, கொழும்பு நீதிமன்றத்தில் மறுபடி நிறுத்தப்பட்டான் என்றே எனக்குத் தோன்றிற்று.

பழவேற்காட்டுக்கு மீள்வோம். சபை என்பது அந்த ஏரிக்குப் புதிதன்று. முகத்துவாரத்தை ஒட்டி இறால் வரும் ஓட்டங்களில் கழி நட்டு வலை கட்டும் இடங்களைப் பாடு என்று பிரித்து, எந்தப் பாடு எந்நாளில் எவருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் ஏற்பாட்டைக் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் என்ற மீனவச் சாதியார் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்திருக்கிறார்கள். நல்ல ஓட்டமும் வறண்ட ஓட்டமும் மாறி மாறி எல்லோருக்கும் வரும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 1991-ஆம் ஆண்டிலேயே, இந்தியப் பொக்கிஷம் வற்றிய அதே ஆண்டில், செபாஸ்டியன் மாத்தியூ எழுதிய ஓர் ஆய்வாக இதை அச்சிட்டு உலகத்துக்குச் சொன்னது. குறைந்த வளத்தை எப்படிப் பகிர்வது என்பதைத் தேசம் இந்த ஏரிக்கரையில் கற்றுக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அந்த ஏற்பாட்டையும் பூஜிக்க நான் தயாராயில்லை. பாடுச் சீட்டு உள்ளவன் தலைக்கட்டு, அதாவது குடும்பத் தலைவன்; தலைக்கட்டு ஆண். கரையில் மீனை வாங்கி விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் வாக்கில்லை. சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளருக்கும், மற்றச் சாதி மீனவருக்கும் பாடு இல்லை. அதனால் ஏரிக்குள்ளேயே நெடுங்காலச் சச்சரவுகள் உண்டு. வீட்டுக்குள்ளேயே நடுப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் ஊர், ராஜ்யம் தன்னை நடுப்பிள்ளையாக்கியதென்று முறையிடும்போது அந்த முறையீட்டின் பலம் குறைகிறது. சட்டம் தந்த கிராம சபையின் சிறப்பே இங்குதான்: 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள இருளப் பெண்ணும், மீன் விற்பவளும், காட்டூர் வயலில் நாற்று நடுபவளும், தலைக்கட்டுக்காரரும் ஒரே வரிசையில் உறுப்பினர்கள்.

அந்தச் சபை எப்போது மிகவும் தேவையோ அப்போது அது கூடவில்லை. 2020 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நாட்டின் மொத்த உற்பத்தி முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. சுதந்திர இந்தியா காணாத வீழ்ச்சி அது. அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று தமிழ்நாட்டில் கூடவேண்டிய கிராம சபைகள் தொற்றுநோயை முன்னிட்டு ரத்துச் செய்யப்பட்டன; அடுத்த ஜனவரி 26-இலும் கூடவில்லை. அந்த இடைவெளிக்குள்தான், ஏரியை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து கடலைத் தூர்த்து எடுக்கும் பரப்பையும் சேர்த்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு, 2021 ஜனவரி 22 அன்று கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. மீனவர்களும் மற்றவர்களும் எழுப்பிய எதிர்ப்பால் அது தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடி அறிவிக்கப்பட்டு, மறுபடி தள்ளிவைக்கப்பட்டது. வேலை தரும், வருமானம் தரும் என்ற வாதம் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. ஏரியின் முகத்துவாரமும் கரையும் என்னவாகும் என்ற அச்சத்தைச் சொல்லும் மக்களின் சபை மூடியிருந்த வேளையில், அவர்களுடைய கருத்தைக் கேட்டுவிட்டோம் என்று எழுதிக்கொள்ள ஒரு கூட்டம் குறிக்கப்பட்டதைத்தான் தவறென்கிறேன்.

அத்தகைய கூட்டத்துக்குச் சட்டத்தில் உள்ள வலிமையும் சிறிதே: கருத்து பதிவாகும், மேலே போகும், கட்டுப்படுத்தாது. மலைக்கு நம் சட்டம் இதைவிட அதிகம் தந்திருக்கிறது. பழவேற்காட்டைப் பெயர் சொன்ன தீர்ப்பு வந்த அதே 1996 டிசம்பரில், பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் சட்டம் நிறைவேறியது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டுவது அங்குள்ளோரின் தெய்வமான நியம ராஜாவுக்கு அபசாரமா என்பதை அந்த மக்களே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விட்டது. கூடிய 12 கிராம சபைகளும் கூடாதென்றன, சுரங்கம் நின்றது. கடற்கரைக்கு வந்த நியாயமோ அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது: 2005-ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம், ஜெகந்நாதன் வழக்கில் கிடைத்த தடையைப் பெரிதும் தளர்த்திவிட்டது. மலைமேல் இருக்கும் தெய்வத்துக்குச் சபை பேசலாம், வருணனின் கரையில் பேசக்கூடாது என்பதற்கு எந்தத் தர்க்கமும் எனக்குப் புலப்படவில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகமாகட்டும், நாளை வேறொரு நெருக்கடியின் பெயரால் வரும் வேறொரு திட்டமாகட்டும், செய்யவேண்டியது சட்டமன்றத்தால் செய்யக்கூடியதே. ஏரியையும் கரையையும் பாதிக்கும் எந்தத் திட்டமும், கரை ஊர்களின் கிராம சபைகளும் காட்டூர் போன்று உள்ளே தள்ளிய ஊர்களின் கிராம சபைகளும் கூடித் தீர்மானித்த பின்னரே மேலே போகலாம் என்று ஊராட்சிகள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கவேண்டும். திட்ட அறிக்கை முழுவதும், சுருக்கம் மட்டுமன்று, தமிழில் அச்சாகி, கூட்டத்துக்கு ஒரு பருவகாலம் முன்னதாக ஊருக்கு வந்து சேரவேண்டும். கடலுக்குப் போகும் நாளில் கூட்டம் வைக்கக்கூடாது. மீன் விற்கும் பெண்களும் இருளர்களும் வந்திருந்தார்களா என்பதை வருகைப் பதிவேட்டில் தனியே எழுதவேண்டும். அவர்கள் வராத சபையின் தீர்மானம், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும், செல்லாது என்று வைக்கவேண்டும்.